கச்சு முதலில், கவுன் பிறகு

கே: அமெரிக்க உள்நாட்டுப் போரில் நடந்த கெட்டிஸ்பர்க் சண்டையை நடித்துக் காட்டும் குழுவில் சேர்ந்திருக்கிறேன். 1863-க்குப் பொருந்தும் கவுன் தைக்க வேண்டும். எங்கே ஆரம்பிப்பது? (வாசகி, பிலடெல்பியா)

ப: உடம்பை ஒட்டிய துணியில். கவுன் துணியை முதலில் வெட்டுகிறவர்கள் அதைப் பிரித்து மறுபடி தைக்க நேரும். ஷெமீஸ், டிராயர்ஸ் முதலில். அடுத்து கார்செட் என்கிற கச்சு. அதன்மேல் வளையப் பாவாடை, உள்பாவாடைகள். இத்தனையும் போட்டுக்கொண்டு நின்ற பிறகு டேப்பைக் கையில் எடுங்கள். கார்செட் மார்பைத் தூக்கி, முதுகை நிமிர்த்திவிடும். அதற்கு முன் எடுத்த அளவு வேறொருத்தியின் அளவு!

தோளில் கவனம் வேண்டும். இன்றைய டெய்லர் ஷோல்டர் தையலைத் தோளின் உச்சியில் வைப்பார். அன்று அது முதுகுப் பக்கமாகச் சரிந்து இறங்கும். ஆம்ஹோல் தோள்முனையைத் தாண்டிப் புஜத்தில் உட்காரும். அந்த இணைப்பில் மெல்லிய பைப்பிங் ஓடும். பாவாடைப் பகுதியோ நாலைந்து கஜச் சுற்றளவு. அதை இடுப்புக்குள் அடக்க அழகான வழி ஒன்று உண்டு. மேல்விளிம்பில் இரண்டு மூன்று வரிசை ஓட்டுத் தையல் போட்டு நூலை இழுத்தால், துணி பொடிப்பொடிக் கொசுவமாக நெருங்கி நிற்கும். ஒவ்வொரு கொசுவத்தின் நுனியையும் இடுப்புப் பட்டியில் தனித்தனியாகக் கையால் பிடித்துத் தைக்க வேண்டும். நேரம் பிடிக்கும்தான். ஆனால் பாவாடை இடுப்பிலிருந்து குபுக்கென்று பூரித்து விழுவது இந்தத் தையலால்தான். இதில் அவசரப்படாதீர்கள். கவுனை மூட முன்பக்கம் ஹூக் போதும்.

கே: மெஷினில் தைத்தால் ஏமாற்று வேலை ஆகாதா? (வாசகர், கோவை)

ப: ஆகாது. எலியாஸ் ஹோவ் 1846-லும் ஐசக் சிங்கர் 1851-லும் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியாயிற்று. நீளத் தையலைத் தைரியமாக மெஷினில் அடியுங்கள். காஜாவைக் கையால் எடுங்கள். ஓவர்லாக் அறவே வேண்டாம். ஓரத்தைக் கையால் சுற்றித் தைத்துவிடுங்கள்.

வடக்குப் படையின் சிப்பாய் உடை என்றால் கைத்தையலுக்கே என் ஓட்டு. பிலடெல்பியாவின் ஸ்கூல்கில் ஆயுதச்சாலையில் துணியை வெட்டிக் கட்டாகக் கொடுப்பார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையால் தைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். கூலி மிகக் குறைவு. போரில் கணவனை இழந்தவர்களும் அவர்களில் உண்டு.

கே: பாலியெஸ்டர் மலிவு. தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது? (வாசகி, சென்னை)

ப: முகாமில் எரியும் விறகடுப்புக்குத் தெரியும். பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி அவ்வளவு எளிதில் பற்றாது. பருத்தி பற்றும், ஆகவே வளையப் பாவாடை கட்டினால் நெருப்பிலிருந்து எட்டியே நில்லுங்கள். கவிஞர் லாங்ஃபெல்லோவின் மனைவி 1861 ஜூலையில் ஆடையில் தீப்பிடித்து இறந்துபோனார். துணியில் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

கே: பளிச்சென்ற ஊதா நிறம் அந்தக் காலத்தில் உண்டா? (வாசகி, திருச்சி)

ப: உண்டு. 1856-ல் லண்டனில் மலேரியாவுக்குக் குவினைன் செய்யப் போன 18 வயது வில்லியம் பெர்க்கினுக்கு ஊதாச் சாயம் கிடைத்தது. ஐந்தாறு வருஷத்தில் ஊர் முழுக்க ஊதா.

கே: அமெரிக்கச் சண்டைக்கும் எங்கள் கரிசல் மண்ணுக்கும் என்ன சம்பந்தம்? (வாசகர், கோவில்பட்டி)

ப: பஞ்சு! 1861-ல் வடக்குக் கடற்படை தெற்கின் துறைமுகங்களை முற்றுகையிட்டது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரவில்லை. தொழிலாளர் பட்டினி கிடந்தார்கள். பிரிட்டிஷ் வியாபாரிகள் இந்தியா பக்கம் திரும்ப, விலை கிடுகிடுவென ஏறியது. திருநெல்வேலிப் பஞ்சு தூத்துக்குடியில் கப்பல் ஏறியது. 1865-ல் சண்டை ஓய்ந்ததும் விலையும் விழுந்தது.

கே: அந்தக் காலத்துத் தையல்காரர்களில் நீங்கள் கும்பிடுவது யாரை? (வாசகி, மதுரை)

ப: எலிசபெத் கெக்லியை. அடிமையாகப் பிறந்தவர். 1,200 டாலர் கொடுத்துத் தன்னையும் மகனையும் 1855-ல் மீட்டுக்கொண்டார். பிறகு வாஷிங்டனில் லிங்கனின் மனைவிக்கு ஆடை தைத்தார். அவர் கைவேலை என்று கருதப்படும் ஊதா வெல்வெட் உடை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாவாடை ஒன்று, பகலுக்கு ஒரு மேற்சட்டை, இரவு விருந்துக்கு இன்னொன்று. மூன்றிலும் வெள்ளை சாட்டின் பைப்பிங். 1868-ல் தன் வரலாற்றையும் எழுதி வெளியிட்டார்.

இந்த நடிப்பு முகாம்களில் தளபதிகளுக்குப் பஞ்சமில்லை. ஊசியும் துணிக்கட்டுமாக ஒரு தையல்காரிக்கும் கூடாரம் ஒதுக்கச் சொல்லிக் குழுத்தலைவர்களிடம் கேளுங்கள். ஒதுக்கும்வரை விடாதீர்கள்.