ஒரே மாடி, ஒரே ஊரா?

கேள்வி: ஏழைகளுக்கு அரசு வீடு கட்டித் தந்தால் பிளவுபட்ட நகரம் ஒன்றாகிவிடுமா?
– வாசகர், ஆரியசாலை, திருவனந்தபுரம்

பதில்: எங்கே கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சென்னை ஆற்றங்கரைக் குடிசைவாசிகளுக்கு 2000 முதல் தொலைவிலுள்ள கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். கூரை கிடைத்தது; பழைய வேலைக்குப் போகத்தான் பஸ்ஸைத் துரத்த வேண்டியிருந்தது.

உங்கள் பக்கத்துக் கரிமடம் காலனியில், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வழிவந்த காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு, குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடுகளை எழுப்பியது. வேலைக்குச் சாலை மார்க்கெட்டுக்கு நடந்தே போய்விடலாம்.

இனப் பிளவைத் தடுப்பதில் சிங்கப்பூர் இன்னும் கறார். 1989 முதல் அரசுக் குடியிருப்பின் ஒவ்வொரு புளோக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியருக்கு உச்சவரம்பு. அது நிரம்பிவிட்டால், வேறு இனத்தவர் அந்த இனத்தாருக்கு வீட்டை விற்க முடியாது. கருவாட்டுக் குழம்பு வாசனைக்கு மட்டும் வரம்பில்லை. எல்லா மாடிக்கும் போய்வரும்!