ஆள் பிடித்த அதிகாரமும் ஆட்சி பிடித்த துரையும்

பலனைக் கணவாய், மகாவலி வெள்ளம், அட்டை, மலைக்காய்ச்சல் என்ற நான்கு காவலாளிகளை நம்பித்தான் கண்டி இராச்சியம் இருநூறு வருஷத்துக்கு மேல் தூங்கியது. போர்த்துக்கீசர் ஏறிவந்து அடிவாங்கிப் போனார்கள். ஒல்லாந்தர் 1765 இல் தலைநகருக்குள்ளேயே வந்தும் தங்க முடியாமல் இறங்கிப் போனார்கள். ஆங்கிலேயர் கொழும்பைப் பிடித்தது 1796 இல். பத்தொன்பதே வருஷத்தில் கண்டியும் அவர்கள் கையில். அவர்களுடைய பீரங்கி அப்படியொன்றும் பெரிதில்லை. எல்லைக்கு வந்தவரையெல்லாம் உட்காரவைத்து, உங்களுக்கு என்ன செய்து தரவேண்டும் என்று விசாரித்தார்கள். அவ்வளவுதான்.

வந்தவர்களுக்கும் அது புதிதில்லை. கண்டியில் பதவி என்பது காணிக்கை வைத்து எடுக்கும் சாமான். திசாவை என்ற மாகாணத் தலைவர் நியமனம் கிடைத்தவர் அரசனுக்கு 'தெகும்' என்ற காணிக்கை கட்டவேண்டும். கட்டிய காசைக் கீழே உள்ளவர்களிடம் பிடித்துக்கொள்வார். கீழே உள்ளவர் அதற்கும் கீழே பிடிப்பார். கடைசியில், வழக்கு வைத்திருக்கும் குடியானவன் வெற்றிலைச் சுருளோடு பெரியவர் வாசலில் நிற்பான். சுருளுக்குள் வெற்றிலை மட்டும் இருந்தால் வழக்கு நீளும்.

சிம்மாசனத்திலும் இதே கொடுக்கல் வாங்கல். 1739 இல் நரேந்திரசிங்கன் இறந்ததும் அவருடைய நாயக்க ராணியின் தம்பி அரசரானார். அன்றிலிருந்து கண்டிக்குத் தென்னிந்திய ராசாக்கள். ராசாவின் சொந்தக்காரருக்கு நகரத்தில் தனித் தெரு, இன்றைய மலபார் வீதி. சிங்களப் பிரதானிகளுக்கு இதில் ஒரு வசதியும் இருந்தது. உள்ளூர்க் குடும்பத்தில் ஒருவன் ராசாவானால் மற்றக் குடும்பங்களுக்குத் தூக்கம் வராது. கடல்தாண்டி வந்தவர் ராசாவென்றால் வயிற்றெரிச்சல் எல்லாருக்கும் சமபங்கு.

1798 இல் ராஜாதி ராஜசிங்கன் பிள்ளையில்லாமல் கண்ணை மூடினார். பிரதம மந்திரி என்று சொல்லத்தக்க மகா அதிகாரம் பிலிமத்தலாவை, ராணியின் தம்பி முத்துசாமியை ஓரங்கட்டிவிட்டு, பதினெட்டு வயது மதிக்கத்தக்க கண்ணுசாமியைக் கூட்டிவந்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆக்கினார். சின்னப் பெடியன், சொல்வழி கேட்பான் என்பது கணக்கு. இந்தக் கணக்குப் பிழைக்காத நாடு உலகத்தில் இல்லை. பெடியன் ஆசனத்தில் சாய்ந்து உட்காரப் பழகியதும் சொல்வழி கேட்பதை விட்டுவிட்டான்.

அதிகாரம் உடனே எல்லைக்கு இறங்கினார். 1799 இல் அவிசாவளையில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த்துடன் சந்திப்பு. நோர்த் யாரென்றால், அமெரிக்கக் குடியேற்றங்களைக் கோட்டைவிட்ட பிரித்தானியப் பிரதமர் நோர்த் பிரபுவின் மகன். அப்பா தொலைத்ததை மகன் எங்கேயாவது ஈடுகட்ட வேண்டாமா? ராசாவைத் தீர்த்துவிட்டால் என்ன என்று அதிகாரம் மெல்லக் கிளறினார். நோர்த் முகத்தைச் சுளித்தார். பேச்சை மட்டும் நிறுத்தவில்லை. கொலை ஆகாது, ஆனால் ராசாவைக் கும்பனியார் 'பாதுகாப்பில்' வைக்கலாம், கண்டியில் நமது படை இருக்கலாம், அதிகாரம் உமக்கே என்று அவருடைய மனச்சாட்சி ஒரு வழி கண்டுபிடித்தது.

அடுத்த வருஷம் ஜெனரல் மக்டவல் தலைமையில் ஒரு தூதுக்குழு புறப்பட்டது. தூதருக்குத் துணையாக ஆயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்கள். ராசாவுக்குப் பரிசாக ஆறு குதிரை பூட்டும் கோச்சு வண்டி, திப்பு சுல்தானிடமிருந்து அள்ளிய வெற்றிலைத் தட்டு. வண்டி ஓடத் தெருவே இல்லாத மலைநாட்டுக்குக் கோச்சு! கொடுத்ததை ராசா மரியாதையாக வாங்கிக்கொண்டார். கேட்டதை மட்டும் கொடுக்கவில்லை. அந்தப் பேரம் முழுவதிலும் புத்தியாக நடந்த ஒரே ஆள் அன்றைக்கு அவர்தான்.

எல்லைப்புறத்தில் தரகர் முளைப்பது கண்டிக்கு மட்டும் உரிய வரமில்லை. மெக்சிக்கோ எல்லைக்கு அருகே தென் டெக்சாசில் ஜோர்ஜ் பார் என்ற பெரிய மனிதர், மெக்சிக்க வம்சாவளி ஏழைகளுக்கு உதவிகள் செய்து அவர்களுடைய வாக்குகளைத் தன் பையில் வைத்திருந்தார். 1948 இல் செனட் ஆசனத்துக்கான கட்சித் தேர்தல் முடிந்து ஆறு நாள் கழித்து, 13 ஆம் பெட்டியில் 200 வாக்கு புதிதாகப் பிறந்தது. வாக்காளர்கள் அகரவரிசையில் வந்து, ஒரே மையில், ஒரே கையெழுத்தில் பதிந்துவிட்டுப் போயிருந்தார்கள். வேட்பாளர் லிண்டன் ஜோன்சன் 87 வாக்கால் வென்றார். பிற்பாடு ஜனாதிபதியும் ஆனார். பார் விற்றது ஊரார் வாக்கை. நமது அதிகாரம் விற்கப் பார்த்தது ஊரையே.

1802 இல் ஆங்கிலேயரின் குடிகளான புத்தளத்து முஸ்லிம் வியாபாரிகளின் பாக்கைக் கண்டிக்காரர் பறித்தார்கள். நோர்த்துக்குச் சாட்டுக் கிடைத்தது. 1803 பெப்ரவரியில் ஆங்கிலப் படை கண்டிக்குள் நுழைந்தபோது நகரத்தில் ஆளில்லை. ஓரங்கட்டப்பட்ட முத்துசாமியைக் கொண்டுவந்து முடிசூட்டினார்கள். அவரும் கைம்மாறாக மாகாணத்தை எழுதிக் கொடுத்தார், ஏதோ தாய்வீட்டுச் சீதனம் மாதிரி. சில மாதத்துக்குள் நோர்த் அதே கண்டியைப் பிலிமத்தலாவைக்கும் பேசி முடித்தார். ஒரே காணிக்கு இரண்டு உறுதி! கொள்வனவாளர் இருவருக்கும் காணி கிடைக்கவில்லை. காய்ச்சலில் படை கரைந்தது. ஜூன் 24 இல் எஞ்சிய படையின் தலைவர் மேஜர் டேவி சரணடைந்து வெளியேறினார். வெள்ளம் பெருகிய மகாவலியைக் கடக்க முடியாமல் வட்டப்புளுவையில் மாட்டிக்கொண்டவர்களில் அநேகமாக எல்லாரும் கொல்லப்பட்டார்கள். முத்துசாமிக்கும் அதே முடிவு.

பிலிமத்தலாவை பிறகும் அடங்கவில்லை. ராசாவின் காவலரையே விலைபேசிப் பார்த்து, அது வெளிப்பட்டு, தலையை இழந்தார். அடுத்த மகா அதிகாரம் எஹலப்பொல. இதற்கிடையில் ராசா கூலியில்லா வேலைக்கு ஆட்களைப் பிடித்து, இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் கண்டி வாவியைக் கட்டிக்கொண்டிருந்தார். மேலே பிரதானிகளுக்குச் சந்தேகம், கீழே சனங்களுக்கு முதுகுவலி.

இந்தக் கட்டத்தில் மேடைக்கு வருகிறார் ஜோன் டொயிலி. கேம்பிரிட்ஜில் படித்தவர், சிங்களம் கற்றவர், அரசாங்கத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளர். எல்லை தாண்டி வருகிற யாரையும் சும்மா அனுப்பமாட்டார். வியாபாரி, பிக்கு, கோபத்தில் இருக்கும் பிரதானியின் ஆள், எல்லாரிடமும் பேச்சுக் கொடுப்பார். கேட்டதை நாட்குறிப்பில் எழுதிவைப்பார். கண்டிப் பிரதானிகள் ஆளைப் பிடித்தார்கள், டொயிலி தகவலைப் பிடித்தார். அந்த நாட்குறிப்பு 1917 இல் அச்சாகியும் வந்தது.

1814 இல் சப்ரகமுவையில் எஹலப்பொல கிளர்ந்து, தோற்று, ஆங்கிலேயரிடம் ஓடினார். ராசா அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றார். கதையில் சிரிக்கமுடியாத இடம் இது. ராசாவுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச ஆதரவும் அன்றோடு போயிற்று. அடுத்த மகா அதிகாரம் மொல்லிகொட ராசாவின் பக்கம் நிற்பதாகக் காட்டிக்கொண்டு, 1815 இல் ஆளுநர் பிரௌன்ரிக்கின் படை ஏறியபோது அவரும் அந்தப் பக்கம் போனார். பெரிய சண்டையொன்றும் இல்லாமலே பெப்ரவரி 14 இல் கண்டி விழுந்தது. நான்காம் நாள் மெதமகாநுவரப் பக்கத்தில் ராசாவைப் பிடித்தவர்கள் எஹலப்பொலவின் ஆட்கள்.

மார்ச் 2 இல், தலதா மாளிகை அருகே மகுல் மடுவம் என்ற அரச மண்டபத்தில் பன்னிரண்டு வாசகம் கொண்ட ஒப்பந்தம். கொடுமைக்காரன் என்று சொல்லிக் கண்ணுசாமியை நீக்கி, அந்த இடத்தில் மூன்றாம் ஜோர்ஜை வைத்தார்கள். புதிய ராசா அப்போது சித்தம் கலங்கி, கண்பார்வையும் இழந்து வின்ட்சர் மாளிகையில் இருந்தார். 1811 முதல் அவருக்குப் பதிலாக மகன்தான் ஆண்டுகொண்டிருந்தார். இந்த விவரத்தை மடுவத்தில் யாரும் பெரிதுபடுத்தவில்லை. பிரதானிகளின் பதவியும் சலுகையும் அப்படியே இருக்கும் என்ற வாசகம் இருந்ததே, அது போதும். ராசாவின் இனசனத்து ஆண்கள் அனுமதியின்றி மலைநாட்டில் கால்வைக்கக்கூடாது என்றும் எழுதினார்கள்.

முடிசூடும் கனவோடு வந்த எஹலப்பொலவுக்குக் கிடைத்தது 'பிரித்தானிய அரசின் நண்பர்' என்ற பட்டம். 1818 இல் மலைநாட்டார் ஆங்கிலேயருக்கு எதிராகக் கலகம் செய்தபோது நண்பரைச் சந்தேகத்தில் பிடித்து அடைத்தார்கள். 1825 இல் மொரீசியசுக்கு அனுப்பினார்கள். 1829 இல் அங்கேயே இறந்தார். கண்ணுசாமி 1832 இல் வேலூரில் இறந்தார். பிரதானிகளின் சலுகைகளை அந்தக் கலகத்துக்குப் பிறகு ஒரு பிரகடனத்தால் வெட்டிக் குறைத்தார்கள். கையெழுத்தின் ஆயுள் நான்கு வருஷம்கூட இல்லை.

ராசாவைக் குற்றம் சொல்லலாம், துரைமாரைத் திட்டலாம். இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் இந்தக் கணக்கில் விற்றவர் ஒவ்வொருவரும் தனக்குச் சொந்தமில்லாத சாமானைத்தான் விற்றார். சாமானின் சொந்தக்காரரான கண்டிச் சனங்களை எந்தப் பேரத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. ஆகவே, உங்கள் அலுவலை நான் முடித்துத் தருகிறேன் என்று அடுத்த தேர்தலுக்கு ஒருவர் வாசலில் வந்து நின்றால், கதிரை போட்டு உட்காரவையுங்கள், தேத்தண்ணியும் கொடுங்கள். யாருடைய சாமானை எடுத்து உங்களுக்குத் தரப்போகிறார், உங்களுடையதை எடுத்து யாருக்குக் கொடுக்கப்போகிறார் என்று கேட்காமல் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.