பேய்ப் பலகார அக்கா

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்கு வருகிறவர்களில் பல ரகம். ஏரியில் படகு விட வருகிறவர், பகோடா பாயிண்டில் செல்ஃபி எடுக்க வருகிறவர், மிளகாய் பஜ்ஜிக்காகவே வருகிறவர். அக்டோபர் கடைசியில் மட்டும், பிள்ளைகளைப் பயமுறுத்தவென்றே ஒருவர் வருவார். அவர்தான் பேய்ப் பலகார அக்கா.

அக்காவுக்கு உத்தியோகம் பெங்களூரில். சனி ஞாயிறுக்கு இங்கே காப்பித் தோட்டத்து நடுவில் ஒரு வீடு. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். ஹாலோவீன் என்கிற பேய்த் திருவிழாவை அக்காவுக்கென்று மிச்சம் வைத்துவிட்டுப் போனார் போலிருக்கிறது.

ஐப்பசி மழைக்காலத்தில் சாயங்காலமே மூட்டம் இறங்கி, சில்வர் ஓக் மரங்களைப் பாதிக்கு மேல் காணாமல் அடித்துவிடும். பேய்க்கான ஏற்பாட்டை மலையே காசு வாங்காமல் செய்து கொடுக்கிறது. அக்காவோ சன்னலையெல்லாம் இறுகச் சாத்திவிட்டு, ஆன்லைனில் வாங்கிய புகை மெஷினைப் போடுவார்.

பலகாரம் பார்க்கப் பயங்கரமாக இருக்க வேண்டும். ஆனால் உடம்புக்கு ஒன்றும் பண்ணக் கூடாது. சூனியக்காரியின் விரல் என்று நீட்டுவது ராகிப் பிடிகொழுக்கட்டை, நகத்துக்கு ஒரு பாதாம். ஏற்கெனவே விரல் தடத்தோடு பிறக்கிற பண்டமாதலால் அது மட்டும் அசலாக அமைந்துவிடும். மூளை, பீட்ரூட் சாற்றில் பிசைந்த இடியாப்பம். கண்முழி, கறுப்புத் திராட்சை பதித்த குழிப்பணியாரம். மைதா இல்லை, வெள்ளைச் சர்க்கரை இல்லை, கலர்ப்பொடி இல்லவே இல்லை. ரத்தம்கூட மாதுளைச் சாறுதான். அதைக் குடித்தால் காட்டேரிக்கே உடம்பு தேறிவிடும்.

கொள்கையில் ஒரே ஒரு சறுக்கல், தூத்துக்குடி மக்ரூன். முட்டை வெள்ளையும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்து, உச்சி கூம்பிய வெள்ளை உருவமாக வந்து நிற்கும்போது, சாக்லேட்டால் இரண்டு கண் வைக்காமல் யாரால் இருக்க முடியும்? டப்பாவைத் திறந்து வைத்தால் மலைக்காற்றின் ஈரம் குடித்துப் பிசுபிசுத்து, பேய்கள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துவிடும்.

விருந்துக்கு வருவது அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். கல்லறைத் தோட்டத்தை ஒட்டித் தினமும் இருட்டில் வீடு திரும்புகிறவர்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று அங்கேயே பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிறவர்களும் அதில் உண்டு. மூளையை உற்றுப் பார்த்த ஒரு பொடியன் கேட்டான்: "இதுக்குத் தேங்காப்பால் இல்லீங்களா அக்கா?"

ஹாலோவீனுக்கு அயர்லாந்துக்காரர்கள் தங்கள் ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன இடத்தில் பறங்கிக்காய் கிடைத்தது. அக்காவுக்கோ சந்தையில் பறங்கி பத்தையாகத்தான் கிடைத்தது. முழுசாக அகப்பட்டது வெள்ளைப் பூசணி. அதைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, வாயோரம் குங்குமம் குழைத்துப் பூசினார்.

சமையற்கார அம்மா சொல்லிப் பார்த்தார்: "ஏனுங்கம்மா, ஆயுத பூசைக்குத் திருஷ்டி போகட்டும்னு இதே காயத்தானே ஒடச்சோம்? இப்ப அதையே வெச்சு வரச் சொல்றீங்களே?"

"அது வேற, இது வேற" என்று அக்கா பூசணிக்குள் மெழுகுவத்தியை ஏற்றி கேட்டருகே வைத்தார்.

ராத்திரி காவலுக்கு வந்த பெரியவருக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. மூட்டத்துக்குள் குங்குமம் வழியப் பல்லைக் காட்டிய பூசணியைப் பார்த்தவர், யாரோ செய்வினை வைத்துவிட்டதாக முடிவு கட்டி, அதைத் தூக்கிக்கொண்டு ஓடி முச்சந்தியில் போட்டு உடைத்துவிட்டார். அந்த வீட்டு ஹாலோவீனில் மெய்யாகவே பயந்த ஜீவன் அவர் ஒருவர்தான். அதோடு விடவில்லை. மூச்சிரைக்க உள்ளே வந்து, உப்பும் மிளகாயும் எடுத்து, பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, அக்காவையும் நடுவில் நிறுத்தி, மூன்று தரம் சுற்றி, "துப்புங்க கண்ணுகளா" என்றார். பிள்ளைகள் உற்சாகமாகத் துப்பினார்கள். மிளகாய் அடுப்பில் படபடத்தது.

அக்கா செல்போனைத் தேடி எடுத்தார்.

"அண்ணே, இன்னொரு தரம் சுத்துங்க. வீடியோ எடுக்கல."