ஏக ரிமோட் சித்தாந்த விசாரம்

கூடத்தின் ஒரு சுவரில் தொலைக்காட்சியும், அதன் கீழே செட்டாப் பாக்ஸும், சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கரும் ஓர் ஊஃபரும் கூடிய ஹோம் தியேட்டரும் பிரதிஷ்டை செய்யப்பட்டபின், அவற்றை இயக்க ரிமோட் எத்தனை வேண்டும், எதை முதலில் அழுத்துதல் முறை என்னும் வினாக்களை நம் அறிஞர் உலகம் இதுகாறும் தீண்டாது விட்டது பெருங்குறையே. ஒரு புலவர் பிறந்த ஊர் எது என்று கட்டுரை மேல் கட்டுரை எழுதி, அவர் பாட்டைப் படிக்க மட்டும் அவகாசமின்றிப் போன பெரியோர்களுக்கு இதற்கு நேரம் ஏது? ஆகவே யாம் துணிந்தோம்.

ரிமோட் நால்வகைப்படும்: தொலைக்காட்சியினது, செட்டாப் பாக்ஸினது, ஹோம் தியேட்டரினது, காணாமற்போனது. முதலாவது பற்றிச் சொல்ல யாதுமில்லை. இரண்டாவது பாலித்தீன் உறைக்குள் உறைவது. நான்காவது சோபா இடுக்கில் உள்ளது.

இதன் வரலாற்றைச் சிறிது காண்போம். 1950இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் வெளியிட்ட 'லேஸி போன்ஸ்', கம்பியால் பெட்டியோடு பிணைக்கப்பட்டிருந்ததாதலின், காணாமற்போகும் கலையை அது அறியவில்லை. 1955இல் யூஜின் பாலி என்பார் ஒளியால் இயங்கும் ஒன்றை அமைத்தார். வெயில் பட்டாலும் சானல் மாறிற்று. அடுத்த ஆண்டு ராபர்ட் ஆட்லர், சிறு சுத்தியல் அலுமினியக் கோலைத் தட்ட, மனிதச் செவிக்கு எட்டாத ஒலி எழும்பிப் பெட்டிக்குக் கட்டளையிடும் கருவியைச் சமைத்தார். அதற்குப் பேட்டரியும் வேண்டாம், கோல்களும் நான்கே. அக்காலமே ரிமோட்டின் பொற்காலம் என்பர் ஒரு சாரார். பொற்காலம் ஒன்றை நிறுவாமல் எந்த ஆராய்ச்சியும் பட்டம் பெறுவதில்லையாதலால் யாமும் உடன்படுகிறோம்.

இனிப் பிரதான விஷயத்துக்கு வருவோம். பல ரிமோட்டுகளை ஒழிக்கப் பொது ரிமோட் ஒன்று அவதரித்தது. ஆப்பிள் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக்கே 1987இல் அத்தகையதொன்றைச் செய்து விற்றார். மூன்றை ஒழிக்க வந்தது நான்காவதாகி நிலைபெறுதல் உலக இயல்பு, அது கிடக்க. பொது ரிமோட்டின் ஒரு பொத்தான் மூன்று கருவிகளையும் ஒருசேர எழுப்பும் என்பது சித்தாந்தம். ஆனால் எரிக்கவும் அணைக்கவும் பவர் பொத்தான் ஒரே சங்கேதத்தையே அனுப்புமாயின், அச்சங்கேதம் செல்லும் கணத்தில் பேரப்பிள்ளை ஒருவன் ஊஃபருக்கு முன்னே வந்து நிற்பானாயின், தொலைக்காட்சியும் செட்டாப் பாக்ஸும் விழிக்க, ஹோம் தியேட்டர் உறங்கும். மறுபடி அழுத்தினால் உறங்கியது விழிக்க, விழித்தவை உறங்கும். மூன்று கருவிக்கு நிலைகள் எட்டு. அவற்றுள் மூன்றும் ஒத்துப்போகும் நிலை இரண்டே. மற்ற ஆறனுள் ஒன்றில் வீழ்ந்தவன் அப்பொத்தானையே எத்தனை ஜன்மம் அழுத்தினும் கரையேறான்.

இவ்விடத்தில் உரைகாரர்கள் மாறுபடுகின்றனர். 'பேரனை விலக்குக' என்பது திண்ணை உரை. 'ரிமோட்டை உள்ளங்கையில் இருமுறை தட்டுக' என்பது மாடிவீட்டு உரை. 'தொடையில்' என்பது அதன் பாடபேதம். அட்டைப்பெட்டிக்குள் கிடைத்த மூலகிரந்தமாகிய கையேட்டில் பல தேசத்து பாஷைகள் விளங்க, தமிழ் மட்டும் இல்லாமையும், உரிய பக்கத்தைப் பூச்சி அரித்திருத்தலும் நோக்கி, அப்பூச்சி அரித்த துளையின் வடிவமே பவர் பொத்தானின் வடிவம் என்றும், ஆகவே துளையே வியாக்கியானம் என்றும் கேபிள்காரர் மரபைச் சார்ந்த பிற்காலத்து உரைகாரர் ஒருவர் நிறுவினார். அதனை மறுத்தவர் அத்துளையைக் கண்டிலர். மறுத்தவரை மறுத்தவர் கையேட்டையே கண்டிலர். இம்மூவரையும் மேற்கோள் காட்டியவர் இப்போது துறைத்தலைவர். இத்தனைக்கும் பல கருவிகள், எரிக்க ஒன்று, அணைக்க ஒன்று எனத் தனித்தனிச் சங்கேதங்களை அறிந்தே இருக்கின்றன; அவற்றுக்கு ரிமோட்டில் பொத்தான் வைப்பாரில்லை.

ஏக ரிமோட் வாதிகளின் பிரமாணம் வேறு. எச்டிஎம்ஐ கேபிளின் 19 பின்களுள் 13ஆவது, கருவிகள் தம்முள் பேசிக்கொள்வதற்கென்றே அமைந்தது. சிஇசி எனப்படும் அம்மார்க்கத்தைத் திறந்து, 2009 முதல் வந்த ஏஆர்சி என்னும் துளையிற் கேபிளைச் செருகினால், தொலைக்காட்சி ரிமோட் ஒன்றே ஹோம் தியேட்டரை எழுப்பும், ஒலியைக் கூட்டும், துயிலவும் வைக்கும். செட்டாப் பாக்ஸ் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயரில் தொங்குமாயின் இது அதற்குச் செல்லாது. இந்தச் சிஇசியை சாம்சங் எனிநெட் பிளஸ் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும், எல்ஜி சிம்பிளிங்க் என்றும், பானாசோனிக் வியரா லிங்க் என்றும் வழங்குவர். ஒரே பெயருடைய ஔவையைப் பலராக்கிய நம் ஆராய்ச்சி, நான்கு பெயருடைய இவ்வொன்றை நால்வராக்கிக் காலமும் வகுத்துவிடும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

இவ்வாறு வாதம் நிகழ்கையில், வீட்டுப் பாட்டி எழுந்துபோய்ச் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிடுவது எங்கும் காணும் வழக்கம். எட்டு நிலையும் ஒரு நிலையாகி, மூன்று கருவியும் ஒருங்கே அடங்கும். எனினும் பாட்டி தம் கொள்கைக்கு அடிக்குறிப்பு ஒன்றேனும் தராமையாலும், முன்னோர் எவரையும் மேற்கோள் காட்டாமையாலும், கருத்தரங்கில் அஃது ஏற்கப்படவில்லை. செட்டாப் பாக்ஸ் மறுபடி விழித்தெழும்வரை கிடைக்கும் அவகாசத்தில் இதன்மேல் துணைக்குழு ஒன்று அமைப்பதென்று மட்டும் தீர்மானமாயிற்று.