இலை போதாத பெரியவர்கள்

மதுரைக்காரனைச் சாப்பாட்டு ராமன் என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். பதினான்கு வருஷம் காட்டில் காயும் கிழங்கும் தின்ற புண்ணியவானை இதில் எதற்கு இழுப்பது? எங்களுக்கென்று புராணத்திலேயே சொந்த ஆள் ஒருவர் இருக்கிறார். குண்டோதரன் என்று பெயர்.

பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் அவருக்கென்றே ஒரு படலம் ஒதுக்கியிருக்கிறார். தடாதகைப் பிராட்டிக்கும் சொக்கருக்கும் கல்யாணம். வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டு எழுந்த பிறகும் சோறு மலையாகக் கிடக்கிறது. மணப்பெண் மாப்பிள்ளையிடம் போய், உங்கள் பக்கத்து ஆட்கள் இன்னும் யாராவது பாக்கியா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியில் இருந்த பெருமையை மாப்பிள்ளை கவனித்துவிட்டார். ஒரே ஒரு பூதகணத்தை அனுப்பினார். சமைத்தது தீர்ந்தது. சமைக்காத அரிசியும் காய்கறியும் தீர்ந்தன. தயிர்ச்சோறு பொங்கும் நான்கு குழிகளை வரவழைத்த பிறகுதான் பசி அடங்கியது. அப்புறம் தாகம். கிணறு, குளம் எல்லாம் வற்றின. கடைசியில் கங்கையையே ஊருக்குள் இறக்கினார்கள், அதுதான் வைகை. ஒருவர் மூக்குப்பிடிக்கத் தின்றதால் ஊருக்கு ஆறு கிடைத்த கதை வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

பசி குண்டோதரனுடையது, பெருமை மணப்பெண்ணுடையது. எங்கள் மண்டபங்கள் இன்றுவரை அம்மன் வழியில்தான் நிற்கின்றன. போதும் என்று கை மறித்தாலும், மறித்த கைமேலேயே ஒரு கரண்டி விழும். பாதி இலையை மூடி எழுந்தால்தான் பெண் வீட்டாரின் மானம் காப்பாற்றப்பட்டதாக அர்த்தம். காதுகுத்து, வசந்த விழா என்றால் சாப்பிட்டவர் வாசலில் மொய் எழுதுவார். ஊர், பெயர், தொகை மூன்றையும் மைக்கில் படிப்பார்கள். தின்றதற்கு ரசீது கொடுக்கும் நேர்மை எங்களுடையது.

இதையெல்லாம் பாவம் என்று சொல்லும் மதம் ஒன்று கடல் கடந்து வந்தது. ஆறாம் நூற்றாண்டில் போப் கிரிகோரி வகுத்த தலையாய பாவங்களில் பெருந்தீனியும் ஒன்று. இத்தாலியக் கவிஞர் தாந்தே அந்தப் பாவிகளை நரகத்தின் மூன்றாம் வட்டத்தில் ஓயாத குளிர்மழையில் கிடத்தினார். சித்திரை வெயிலில் கீழமாசி வீதியில் நடந்தவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். டிக்கெட் எங்கே எடுப்பது என்று கேட்பான். அதே இத்தாலியிலிருந்து 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டு, சந்நியாசியாக, ஒருவேளை மரக்கறிச் சோற்றோடு வாழ்ந்தார். பாவம், அவர் காலத்தில் ஜிகர்தண்டாவும் இல்லை, கறிதோசையும் இல்லை. தவம் செய்ய வசதியான காலம்.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. வள்ளுவர் ‘மருந்து’ என்று தலைப்பு வைத்துவிட்டு, அதிகாரத்தின் பெரும்பகுதியில் அளவாகச் சாப்பிடு என்றுதான் சொல்கிறார். மருந்துக்கடைகள் ஏன் அவர் படத்தை மாட்டுவதில்லை என்பது இப்போது புரிகிறது. மணிமேகலை பாடிய சாத்தனார் மதுரையில் தானியம் விற்றவர். அதனால்தான் எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ நோயைக் காயசண்டிகைக்கு அவரால் அவ்வளவு சரியாக எழுத முடிந்தது போலும். மூட்டையும் வயிறும் அவருக்குத் தெரிந்த சரக்கு. காயசண்டிகைக்குச் சாபக்கெடு பன்னிரண்டு வருஷம். அப்புறம் ஒரு பிடி சோற்றில் பசி தீர்ந்துவிடுகிறது. இந்த இடத்தில் சாத்தனார் அவசரப்பட்டுவிட்டார் என்பது என் எண்ணம். யானைத்தீயைத் தீரவிடாமல் கட்டிக்காத்தவர்கள் அவருக்குப் பின்னால்தான் வந்தார்கள்.

ராத்திரி ஒரு மணிக்குக் கொத்து பரோட்டாவும் சுவரொட்டியும் தின்பவரை அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன். அவர் சில்லறை ஆசாமி. 2009இல் வந்த ‘வெண்ணிலா கபடி குழு’வில் ஐம்பது பரோட்டா பந்தயத்தில் உட்கார்ந்த மதுரைக்காரர் சூரியும் அப்படித்தான், கடைக்காரரோடு கணக்கில் தகராறு வந்ததும், கோட்டை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தின்னத் தயாரானாரே, அந்தத் துணிச்சலை மட்டும் பாராட்டலாம். எத்தனை இருந்தாலும் பரோட்டா மாவுதானே. கல்லைத் தின்றவர்கள் மேலூர்ப் பக்கம் இருக்கிறார்கள்.

மலைமுழுங்கி மகாதேவன் என்பதை ஏதோ வசவு என்று நினைத்துக்கொண்டிருந்த தலைமுறைக்கு, அது ஒரு தொழில் என்று காட்டியவர்கள் அவர்கள். கீழவளவு, திருவாதவூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். பாண்டிய நாட்டுச் சமண முனிவர்கள் தங்கி நோன்பிருக்கப் படுக்கை வெட்டிய அதே குன்றுகளின் பக்கத்தில்தான் இவர்கள் பந்தி விரித்தார்கள். பட்டா, புறம்போக்கு, ஓடை, கண்மாய் என்று பேதம் பார்க்கவில்லை. எதையும் ஒதுக்கிவைக்காமல் தின்பவரே நல்ல விருந்தாளி. ரோட்டோரம் பார்த்தால், வெட்டிய கிரானைட் பிளாக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் பெயிண்டில் நம்பரோடு நிற்கும். சந்துகளில் கருவேலம் முளைத்திருக்கும். பின்னால் எட்டிப் பார்த்தால் மலை இருந்த இடத்தில் பள்ளம், பச்சைத் தண்ணீர். குண்டோதரனின் நான்கு குழிகளில் தயிர்ச்சோறு இருந்தது. இவர்கள் குழியை மட்டும் விட்டுவைத்தார்கள். எதுவும் வீணாக்காத சிக்கனம்.

கணக்கு கேட்கிற கெட்ட பழக்கம் சிலருக்கு உண்டு. அனுமதி வாங்கியது ஒன்று, வெட்டியது ஒன்று என்று 2012இல் கலெக்டர் உ. சகாயம் அரசுக்கு எழுதினார். நஷ்டம் பதினாறாயிரம் கோடிக்கு மேல் என்று ஒரு தொகையும் போட்டார். சீக்கிரமே அவருக்குக் கோ-ஆப்டெக்ஸில் கைத்தறித் துணி விற்கும் வேலை கிடைத்தது. 2014இல் உயர் நீதிமன்றம் விசாரணைக்கு அவரையே நியமித்தது. நரபலி கொடுத்தார்கள் என்று ஒரு புகார். புதைத்த இடத்தைத் தோண்டும்போது காவல் போதவில்லை என்று 2015இல் ஒரு ராத்திரி சுடுகாட்டிலேயே படுத்தார். அறிக்கையில் நஷ்டம் லட்சம் கோடியைத் தாண்டியது. இவ்வளவு பெரிய தொகையைப் பார்த்து மலைக்காமல், மலையை மட்டுமே பார்த்துத் தொழில் செய்தவர்களின் மனத்திடம் யாருக்கு வரும்? சூரி பரோட்டாக் கடையில் கோட்டை அழித்தார். இங்கே கோடு போட்டவரையே மாற்றிவிட்டார்கள்.

நீர்நிலை விஷயத்திலும் குண்டோதரனை மிஞ்சியாயிற்று. அவர் குளத்துத் தண்ணீரைத்தான் குடித்தார், கரையை விட்டுவைத்தார். நாங்கள் குளத்தையே விழுங்கிவிட்டுப் பெயரைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். தல்லாகுளத்தில் இறங்கிக் குளத்தைத் தேடிப் பாருங்கள். உலகனேரிக் கண்மாயில் 2004இல் உயர் நீதிமன்றக் கிளை எழுந்தது; நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளை இப்போது அங்கேதான் விசாரிக்கிறார்கள். சம்பவ இடத்தைப் பார்க்க வண்டி பிடிக்க வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் போதும். குண்டோதரனுக்காக வந்த வைகையில் கள்ளழகர் இறங்க வேண்டுமென்றால், அணையில் சொல்லித் தண்ணீர் விடச் செய்கிறோம். கடவுளுக்கும் ஆற்றைத் தவணையில் கொடுக்கும் நிர்வாகத் திறமை லேசுப்பட்டதா?

இவ்வளவு விருந்தோம்பல் உள்ள வட்டாரத்தில் மரியாதை தெரியாத ஊர்களும் இருப்பதுதான் வேதனை. 2010இல் யானைமலையைச் செதுக்கிச் சிற்ப நகரம் ஆக்கலாம் என்று பேச்சு வந்தபோது, சுற்றியிருந்த கிராமத்தார் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மலையைச் சிலையாக்கும் கலையுணர்வு அவர்களுக்கு இல்லை. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கப்பட்டது அரிட்டாபட்டி. சமணப் படுக்கையும் குடைவரைக் கோவிலும் உள்ள அந்த ஊரையும் உள்ளே வைத்து, இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் டங்ஸ்டன் எடுக்க ஏலம் முடிந்துவிட்டது என்று 2024 நவம்பரில் செய்தி வந்தது. எவ்வளவு பெரிய இலை! வந்தவர்களை உட்காரவைத்துப் பரிமாற வேண்டாமா? 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம்வரை சனம் திரண்டு நடந்தே வந்தது. ஆம்பளை பொம்பளை, கைப்பிள்ளை எல்லாம். அந்த மாதம் 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. போட்ட இலையை, ஒரு வாய்கூட வைக்கவிடாமல், அப்படியே சுருட்டி எடுத்துவிட்டார்கள். அதோடு நிற்காமல் பட்டாசு வேறு வெடித்தார்கள்.