எய்தவன் இருக்க ஹார்டு டிஸ்க்கை நோவதா?

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பைச் சேமிக்கப் போய், 'எழுத முடியவில்லை' என்று திரை கைவிரித்தால் அடுத்த நிமிடமே தீர்ப்பு வந்துவிடும்: ஹார்டு டிஸ்க் போச்சு! விசாரணை இல்லை, சாட்சி இல்லை. தீர்ப்பு சொல்பவர் பெட்டி முழுவதையுமே 'சிபியு' என்று அழைப்பவராகவும் இருப்பார்; அது வேறு விஷயம். என் கட்சி இதுதான்: எழுத மறுத்த டிஸ்க்கைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும். விசாரணை சுவரிலுள்ள பிளக் பாயின்ட்டில் தொடங்கி உள்ளே வர வேண்டும்.

டிஸ்க் தன் குறையை மறைப்பதில் மகா கெட்டி. தட்டில் ஓரிடம் பழுதானால், எழுதும் நேரத்தில் அதை ஒதுக்கிவிட்டுக் கைவசமுள்ள உபரி இடத்தில் எழுதிக்கொண்டு சத்தமில்லாமல் இருந்துவிடும். பந்தியில் சாம்பார் தீர்ந்ததும் ரசத்தை முந்தி அனுப்பும் தலைமைச் சமையல்காரரின் சாமர்த்தியம் அது. ஆகவே படிக்கும்போது பிழை வந்தால் தட்டைச் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு. எழுதுவதிலேயே பிழை என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: உபரி இடம் தீர்ந்திருக்க வேண்டும், அல்லது எழுத வேண்டியது டிஸ்க்குக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. எது என்று ஊகிக்கவும் வேண்டாம். டிஸ்க்கே ஸ்மார்ட் என்ற பெயரில் கணக்கு எழுதி வைத்திருக்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். 5 என்ற எண்ணுக்கு நேரே மாற்றி ஒதுக்கிய இடங்கள். 197-இல் சந்தேகத்தில் நிற்பவை. 199-இல் வழியில் சிதைந்து வந்த தகவல்களின் எண்ணிக்கை. முதல் இரண்டும் பூஜ்யமாக இருக்க, 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் குற்றவாளி பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிள். ஆனால் அந்தச் சிவப்பு வாலைக் கழற்றி மாட்டிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. ஃபார்மட் போட மட்டும் ஊரே தயார்.

கேபிளுக்கு முன்னால் கரண்ட் இருக்கிறது. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டுக்கு, பெட்டிக்குள் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட்டைப் பிசகாமல் தர வேண்டும். உள்ளே கெப்பாசிட்டர் உப்பிப்போன கிழட்டு எஸ்எம்பிஎஸ்ஸிடம் அதை எதிர்பார்ப்பது பேராசை. கரண்டை நம்பி இருக்க முடியாது என்பது புதுவைக் கிராமங்களுக்குப் புதுச் செய்தியும் அல்ல. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. ஏம்பலத்தில் கோயிலை ஒட்டியே கம்ப்யூட்டர் குடியேறியது. 2000-இல் நியூயார்க் டைம்ஸ் வரை அந்தச் செய்தி போனது. உலகம் கோயிலையும் கம்ப்யூட்டரையும் பார்த்து வியந்தது. நான் வியப்பது வேறொன்றை: அந்தத் திட்டத்தார் மின்துறையை மட்டும் நம்பாமல் சூரிய மின்சாரத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். சாமி பக்கத்திலேயே இருந்தும் பேட்டரி வேண்டும் என்று நினைத்தார்களே, அதுதான் பொறியியல்.

'அப்படியானால் டிஸ்க் சாகவே சாகாதா?' என்று கேட்கலாம். சாகும். 5-உம் 197-உம் நாளுக்கு நாள் ஏறி, உள்ளே டக் டக் என்று சத்தமும் கேட்டால் வாதாட ஒன்றுமில்லை. அப்போதும் முதல் வேலை முக்கியமானவற்றை வேறிடத்துக்கு நகலெடுப்பது. அதற்குமுன் டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் செக்டிஸ்க்கை ஓடவிடுவது, இழுத்துக்கொண்டு கிடப்பவரை எழுப்பித் தேர் இழுக்கச் சொல்வது போல. 'ரேமை அழிரப்பரால் தேய்த்தால் சரியாகிவிடும்' என்ற கடைத்தெரு வைத்தியத்தையும் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். எழுத வேண்டியதை விண்டோஸ் முதலில் ரேமில் வைத்துக்கொண்டு 'ஆயிற்று' என்று சொல்லிவிடுகிறது. பிறகுதான் டிஸ்க்குக்கு அனுப்புகிறது. ரேம் உளறினால் டிஸ்க் அந்த உளறலைப் பிழையின்றி எழுதிவைக்கும். 'இது எஸ்எஸ்டி காலம், தட்டும் இல்லை, சுழற்சியும் இல்லை' என்பவர்களுக்கு: பல எஸ்எஸ்டிகள் மாட்டப்படுவதும் அதே சாட்டா கேபிளில்தான், கரண்டும் அதே எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்துதான். கேபிளை மாற்றாமல் புது டிஸ்க்கை வாங்கி மாட்டினால் மாற்றம் ஒன்றே ஒன்றுதான்: 199 மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும்.