சண்டையோடு போன சகா

கேள்வி: உடன் வேலை பார்த்த நண்பர் திடீரெனப் போய்விட்டார். கடைசியில் இருவருக்கும் சண்டை. இரங்கல் கூட்டத்தில் அதை மறைத்துப் புகழ்ந்தால் போதாதா?
- ஒரு வாசகர், வெண்ணந்தூர்

பதில்: புகழத்தான் ஃப்ளெக்ஸ் இருக்கிறதே! கூலிங் கிளாஸ் போட்டுச் சிரிக்கும் படத்துக்குக் கீழே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று அடித்துவிட்டால் எவரும் மகான்தான். அந்த வேலையை நீங்கள் வேறு செய்ய வேண்டுமா? மறைப்பது பற்றி ஒரு பழைய கதை: உங்கள் பக்கத்து ராசிபுரத்தில் பிறந்த டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் வ.வே.சு. ஐயரும் காங்கிரஸில் சகாக்கள். ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப்பந்தி என்று தெரிந்ததும் நாயுடு கடுமையாக எதிர்த்தார். அந்தச் சூடு ஆறுமுன்பே, 1925 ஜூன் 3 அன்று, பாபநாசத்து அருவியில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் போய் ஐயரும் மூழ்கினார், வயது 44. இதில் எதை மறைப்பது? பந்தியை மறைத்தால் நாயுடு வெறும் கோபக்காரர் ஆகிவிடுவார். பந்தியை மட்டும் சொன்னால், குறளை ஆங்கிலத்தில் தந்த, ‘குளத்தங்கரை அரசமரம்’ சிறுகதையை எழுதிய ஐயர் காணாமல் போவார்.

“இறந்தவர் எழுந்து பதில் சொல்ல முடியாதே, நியாயமா?” என்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால் அவர் தரப்பையும் நீங்களே பேசிவிடுங்கள். அந்தச் சிறுவர்களின் பெற்றோர் கேட்டதால் இணங்கினேன் என்பது ஐயர் தரப்பு. அதைச் சொன்ன பிறகும் தனிப்பந்தி தவறுதான் என்று சொல்ல எந்தத் தடையும் இல்லை. ஒன்று மட்டும்: சண்டையில் ஜெயித்தது யார் என்பதை மைக்கில் அறிவிக்க வேண்டாம். எதிர்க்கட்சி வரவில்லை.